பத்து வருஷம் உழைக்குமா? ஆற்றல் அறுவடை ஆய்வாளர்களுக்கும் அவர்களுக்கு நிதி ஒதுக்குபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் ஆய்வாளன் இல்லை. மின் அமைப்புகளில் சென்சார் பொருத்துவது, இன்வெர்ட்டர் பழுது பார்ப்பது, எரிந்துபோன போர்டைக் கழற்றி எது முதலில் செத்தது என்று தேடுவது, இதுதான் என் பிழைப்பு. நீங்கள் எழுதும் கட்டுரைகளை விடாமல் படிக்கிற பழக்கமும் உண்டு. அந்தப் பழக்கம்தான் இந்த மடலை எழுத வைத்தது. கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆதங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் துறைக் கட்டுரைகளில் முதல் பத்தி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். எங்கு பார்த்தாலும் சென்சார்கள் வரப்போகின்றன, அத்தனைக்கும் பேட்டரி மாற்ற ஆள் அனுப்பிக் கட்டுப்படியாகாது, ஆகவே சுற்றியிருக்கிற அதிர்விலிருந்தும் வெப்பத்திலிருந்தும் வெளிச்சத்திலிருந்தும் மின்சாரம் எடுத்துக்கொள்வோம் என்று ஆரம்பிப்பீர்கள். நியாயமான பேச்சு. அந்த வாக்குறுதியின் உயிர், ஆள் போகவேண்டாம் என்பதில் இருக்கிறது. பொருத்திவிட்டு வந்தால் அது பாட்டுக்கு வருஷக்கணக்கில் ஓடும் என்பதுதானே பேச்சு? அப்படியானால் கட்டுரையின் கடைசியில் எதை நிரூபித்திருக்க வேண்டும்? அது பாட்டுக்கு ஓடியது என்பதைத்தான். ஆனால் அங்கே இருப்பது உச்சத் திறன், கன சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோவாட், முந்தையவர்களைவிட இத்தனை மடங்கு என்று ஒரு அட்டவணை. எத்தனை நாள் ஓடியது, எப்போது நின்றது, எந்தப் பாகம் போனது என்பதைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் மூச்சு விடுவதில்லை. இதைத்தான் கேட்க வந்தேன், மீதியெல்லாம் இதன் விளக்கம்.

முதலில் எதிராளி யார் என்று பார்த்துவிடுவோம். 2032 நாணய பேட்டரி ஒன்றில் சுமார் 225 மில்லிஆம்பியர்-மணி, 3 வோல்ட். அதைப் பத்து வருஷத்துக்குப் பங்கு போட்டால் சராசரியாக 7, 8 மைக்ரோவாட் கிடைக்கும். அதை விடுங்கள், லித்தியம் தயோனைல் குளோரைடு வகையில் டபுள்-ஏ அளவு செல் ஒன்று 3.6 வோல்ட்டில் 2.4 ஆம்பியர்-மணி அளவுக்குத் தரும், தன்னாலேயே கரைவது வருஷத்துக்கு ஒரு சதவீதம் அளவில்தான். பத்து வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் சராசரி 90 மைக்ரோவாட் என்று வைத்துக்கொள்ளலாம். குறை இல்லாத செல் இல்லை இது, நாள்பட சும்மா கிடந்தால் உள்ளே லித்தியத்தின் மேல் ஒரு படலம் படிந்து, திடீரென்று மின்னோட்டம் கேட்கும்போது வோல்ட்டேஜ் சற்றுத் தொங்கும். ஆனாலும் மீட்டர்களில் இது பத்து வருஷம், அதற்கு மேலும் உழைத்துக் காட்டியிருக்கிறது. உங்கள் கருவி வெல்ல வேண்டியது இதை. இதன் ஆயுளைத் தாண்டி உழைக்காத எந்த அறுவடைக் கருவியும், எவ்வளவு மைக்ரோவாட் தந்தாலும், எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு பராமரிப்பு வேலைதான்.

அதிர்விலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கட்டுரைக்கும் களத்துக்கும் இடைவெளி அதிகம் தெரிகிற இடம் அது. கியூரி சகோதரர்கள் அழுத்த மின் விளைவை, அதாவது சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை, கண்டது 1880இல். பொருளில் சந்தேகமே இல்லை. பிரச்சினை ஒத்ததிர்வில், அதாவது தன் சொந்த அதிர்வெண்ணில் ஆட்டினால்தான் கருவி பெரிதாக ஆடும் என்பதில். நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1500 சுற்றுக்குச் சற்றுக் கீழே ஓடும். சுமை குறைவாக இருந்தால் 1480, ஏறினால் 1440 என்று இறங்கும். அதாவது 24.7 ஹெர்ட்ஸிலிருந்து 24 ஹெர்ட்ஸ் வரை நகரும். கருவிக்குள் அதிரும் உங்கள் கட்டையின் கியூ மதிப்பு (ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மை என்று சொல்லும் எண்) 100 என்று பெருமையாக எழுதியிருப்பீர்கள், அப்படியானால் அதன் அலைவரிசை அகலம் கால் ஹெர்ட்ஸ்தான். மோட்டாரின் சுமை மாறினாலே உச்சத்திலிருந்து கீழே விழுந்துவிடுகிறது, வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் வைத்த மோட்டாராக இருந்தால் பேச்சே இல்லை. டிரான்ஸ்பார்மர் மேல் ஒட்டினால் கதை வேறு. அதன் இரும்பு 100 ஹெர்ட்ஸில் நூல் பிடித்த மாதிரி அதிரும். அங்கே இந்த வகைக் கருவிக்கு வாழ்வு உண்டு என்று நானே சொல்வேன்.

அப்புறம் முடுக்கம். ஆய்வகத்தில் ஷேக்கர் என்ற அதிர்வு மேடை மேல் வைத்து அரை ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி) கொடுத்து ஆட்டுகிறீர்கள். நல்ல நிலையில் இருக்கிற ஒரு இயந்திரத்தின் பேரிங் மேல் அதிர்வு வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் இருந்தால், அந்த 24.5 ஹெர்ட்ஸில் அது 0.016 ஜி கூட வராது. முப்பது மடங்கு குறைவு. கிடைக்கும் திறன் முடுக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே ஆயிரம் மடங்கு குறைவு. கட்டுரையில் ஒரு மில்லிவாட் என்றால் களத்தில் ஒரு மைக்ரோவாட். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பேரிங் கெட்டு இயந்திரம் தடதடக்கும்போது சென்சாருக்கு வயிறு நிறைய மின்சாரம். நாங்கள் போய் பேரிங்கை மாற்றிச் சரி செய்துவிட்டால் சென்சார் பட்டினி கிடந்து செத்துவிடும். இயந்திரம் நன்றாக இருக்கிறதா, சென்சார் செத்துவிட்டதா என்று அப்புறம் யார் போய்ப் பார்ப்பது? நாங்கள்தான்.

வெப்ப வித்தியாசத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் வெப்ப மின்னாக்கியிலும் கிட்டத்தட்ட இதே கதை. குழாய்க்கும் காற்றுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று எழுதுவீர்கள், ஆனால் அந்த 40இல் பெரும்பகுதி வெப்பத் தகடுக்கும் காற்றுக்கும் நடுவிலேயே போய்விடும், மின்சாரம் தரும் பிஸ்மத் டெலுரைடு துண்டுகளுக்கு மேலும் கீழும் நிற்பது ஐந்தோ பத்தோதான். தகட்டின் இடுக்குகளில் தூசி அடைத்தால் அதுவும் குறையும். தூசியோடு ஒரு வருஷம் வைத்து அளந்த கட்டுரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அறைக்குள் வெளிச்சம் என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சில மைக்ரோவாட்டிலிருந்து சில பத்து மைக்ரோவாட் வரை, அதுவும் விளக்கு எரியும்போது மட்டும். 2012இல் வந்த உரசல் மின்னாக்கி வகையைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. கையால் தட்டினால் நூறு எல்இடி மின்னும் அந்த வீடியோக்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பல நூறு வோல்ட் வரும், உள் மின்தடை மெகா ஓம்களில் இருக்கும், அதை 3 வோல்ட்டுக்கு இறக்கி ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்துக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

சரி, மின்சாரம் ஏதோ கொஞ்சம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து வருவதுதான் களத்தில் நான் அதிகம் பார்க்கிற வியாதி. ஒரு செய்தி அனுப்ப ரேடியோவுக்கு 30 மில்லிவாட், 5 மில்லிவினாடி என்று வையுங்கள், 150 மைக்ரோஜூல். சின்னத் தொகை, 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று 3.3 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட்டுக்கு இறங்கினால் 340 மைக்ரோஜூல் கொடுத்துவிடும், இரண்டு செய்திக்குப் போதும். கட்டுரையில் கணக்கு இதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் கருவி முதல்முறை எழும்போது செய்தி அனுப்பாது, நெட்வொர்க்கைத் தேடும். ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு 20 மில்லிவாட்டில் ஒரு மூன்று நொடி காத்திருந்தால் 60 மில்லிஜூல், அதாவது 400 செய்தி அனுப்புகிற செலவு. கெப்பாசிட்டர் நிரம்புகிறது, மைக்ரோகண்ட்ரோலர் எழுகிறது, ரேடியோவைத் திறக்கிறது, வோல்ட்டேஜ் சரிகிறது, எல்லாம் அணைகிறது, மறுபடி நிரம்புகிறது, மறுபடி எழுகிறது. இப்படியே மாதக்கணக்கில் எழுந்து விழுந்துகொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் செத்த கருவி. உள்ளே ஆஸிலோஸ்கோப் வைத்தால் ரம்பப் பல் மாதிரி ஒரு அலை. அறுவடை செய்யும் பாகத்தில் எந்தக் குறையும் இருக்காது.

இதற்கு மருந்து பெரிய சூப்பர் கெப்பாசிட்டர் என்பார்கள். 0.1 ஃபாரட் போடுவோம். அதை 3.3 வோல்ட்டுக்கு நிரப்ப அரை ஜூலுக்குச் சற்று மேல் வேண்டும், 20 மைக்ரோவாட் வருகிறது என்றால் ஏழரை மணி நேரம். அதுவும் கசிவே இல்லாவிட்டால். சூப்பர் கெப்பாசிட்டர் சில மைக்ரோஆம்பியர் கசியும், வரும்படியில் பாதி அதிலேயே போய்விடும். இருபது மில்லிவோல்ட்டிலேயே எழுந்து நிற்கிற சிப் கடையில் கிடைக்கிறது, 1:100 டிரான்ஸ்பார்மர் வைத்து அந்த வேலையைச் செய்கிறார்கள், அருமையான பொறியியல், தொப்பியைத் தூக்கத்தான் வேண்டும். ஆனால் எழுவதும் நிலைத்து ஓடுவதும் வேறு வேறு. முழுக்கக் காலியான நிலையிலிருந்து, மோசமான நாளில், எத்தனை மணி நேரத்தில் முதல் செய்தி வெளியே வந்தது என்று ஒரே ஒரு வரி உங்கள் கட்டுரையில் எழுதினால் எனக்கு அந்த அட்டவணை முழுவதையும்விட அது அதிகம் உதவும்.

மின்கம்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கருவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உயர் அழுத்த லைனில் பிளந்த இரும்புக் கோர் ஒன்றைக் கவ்வ விட்டு, அதன் சுருளிலிருந்து சென்சாரை ஓட்டுவது. யோசனை நல்ல யோசனை, லைனில் ஓடும் மின்னோட்டத்தையும் கம்பியின் சூட்டையும் உடனுக்குடன் தெரிந்துகொண்டால் அந்த லைனில் இன்னும் எவ்வளவு ஏற்றலாம் என்று நாளுக்கு நாள் முடிவெடுக்கலாம். வாட் கணக்கில்கூட எடுக்கலாம், மைக்ரோவாட் பிச்சை இல்லை. ஆனால் கிடைக்கும் திறன் லைன் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். பல கருவிகளுக்கு பத்து ஆம்பியரோ அதற்கு மேலோ ஓடினால்தான் விழிப்பு வரும், நள்ளிரவில் சுமை இறங்கினால் கருவி தூங்கிவிடும். அதே கருவி, லைனில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் அந்தச் சில சுழற்சிகளுக்கு ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தாங்க வேண்டும். கோர் அதற்கு மேல் காந்தமாக முடியாமல் நிறைவடைந்து, ஊசி மாதிரி கூர்மையான வோல்ட்டேஜ் முனைகள் வரும், பாதுகாப்புக்கு வைத்த டயோடு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அடி வாங்கும். ஒரு நாள் அது ஷார்ட்டாகவே நின்றுவிடும். இன்னொன்று, லைன் துண்டானால் கருவிக்கும் உணவு நின்றுவிடும், நமக்குச் சேதி வேண்டியதே அந்த நொடியில்தான். போகிற போக்கில் ஒரே ஒரு செய்தியை அனுப்பிவிட்டுச் சாகும் அளவுக்காவது சேமிப்பு வேண்டும், அந்தச் சேமிப்பு ஐந்தாம் வருஷத்திலும் அதே அளவில் இருக்க வேண்டும்.

இந்தக் கோர்களில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றும் ஒன்று அந்த இரண்டு பாதிகளும் சேரும் இடம். ஆய்வகத்தில் மெருகேற்றிய முகங்கள், இடைவெளியே இல்லாமல் ஒட்டும். வெளியில் ஒரு மழைக்காலம் போனால் அந்த முகத்தில் செம்பழுப்பாக ஒரு துருப் படலம், அதன் மேல் ஒட்டிக்கொண்ட மண். மயிரிழை இடைவெளிதான். ஆனால் இரும்பின் காந்த ஊடுருவல் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அந்த மயிரிழைக் காற்று இடைவெளியே சுற்றுவழியின் பெரும் தடையாகிவிடும், காந்தமாக்கும் இண்டக்டன்ஸ் சரிந்து, கிடைக்கும் திறனும் சரியும். எந்தச் சிப்பும் கெடவில்லை, எந்தச் சால்டரும் விடவில்லை, ஆனாலும் கருவி நின்றுபோச்சு. துணியால் துடைத்து மறுபடி இறுக்கினால் ஓடுகிறது. ஆனால் துடைக்க ஆள் மேலே ஏற வேண்டும், லைனை நிறுத்த அனுமதி வாங்க வேண்டும்.

இனி எலக்ட்ரானிக்ஸ் பக்கம் வருவோம். எதெது சாகிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஆச்சரியமே இருக்காது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உறையில் 105 டிகிரி, 5000 மணி என்று போட்டிருக்கும். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு, ஆக 65 டிகிரியில் 80,000 மணி, 9 வருஷம். அதே பெட்டி வெயிலில் நின்று உள்ளே 75 டிகிரி ஆனால் நாலரை வருஷம்தான். பத்து டிகிரிக்காக ஆயுளில் பாதி போகிறது, அந்தப் பத்து டிகிரியைக் கட்டுரையில் யாராவது அளந்தீர்களா? செராமிக் கெப்பாசிட்டர் போட்டால் உலராது, உண்மைதான், ஆனால் அதன் மதிப்பு வோல்ட்டேஜ் ஏற ஏறக் குறையும், உறையில் எழுதிய மைக்ரோஃபாரட்டில் பாதிகூட வேலை செய்யும் வோல்ட்டேஜில் நிற்காத வகைகள் உண்டு. போர்டை ஸ்குரூ போட்டு முறுக்கும்போது லேசாக வளைந்தாலே உள்ளே விரிசல் விடும், அன்றைக்குத் தெரியாது, ஈரம் புகுந்து ஆறு மாதம் கழித்துக் கசிய ஆரம்பிக்கும். மைக்ரோவாட்டில் பிழைக்கிற கருவிக்கு ஐந்து மைக்ரோஆம்பியர் கசிவு மரண தண்டனை. சாதாரணச் சுற்றில் அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இதனால்தான் அறுவடைக் கருவிக்கு வழக்கமான நம்பகத்தன்மைச் சோதனை போதாது என்கிறேன். மற்ற கருவிகளில் பழுது என்று எண்ணப்படாத ஒன்று இங்கே பழுது.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஐபி 65 என்று எழுதியிருக்கும், தண்ணீர் பீய்ச்சினாலும் புகாது. பகலில் உள்ளே காற்று சூடாகி விரிந்து ரப்பர் வளையத்தின் வழியாகக் கொஞ்சம் வெளியே போகும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். தினமும் இப்படி ஒரு மூச்சு. உள்ளே வந்த ஈரம் விடியற்காலையில் நீராகப் படியும், வெளியேற வழி இல்லை, ஏனென்றால் பெட்டி ஐபி 65. திறந்து பார்த்தால் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். காற்று போய்வர ஒரு சவ்வு அடைப்பான் வைத்தால் தீர்ந்தது. இதெல்லாம் ஆய்வுக்குரிய விஷயமா என்று கேட்பீர்கள். பொருத்திவிட்டு மறக்கலாம் என்று சொன்னவர் நீங்கள்தானே, அப்படியானால் இதுவும் உங்கள் விஷயம்தான்.

எம்டிபிஎஃப் (பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம்) என்ற எண்ணை வைத்து என்னிடம் யாரும் பேச வரவேண்டாம். பத்து லட்சம் மணி என்று போடுவார்கள், 114 வருஷம் ஆகிறது, ஆஹா என்று தோன்றும். அது ஒரு கருவியின் ஆயுள் இல்லை. ஆயிரம் கருவி போட்டால், தேய்மானம் தொடங்குவதற்கு முந்திய காலத்தில், வருஷத்துக்கு எட்டோ ஒன்பதோ பழுதாகும் என்பதுதான் அதன் அர்த்தம். தேய்மானம் எப்போது தொடங்கும் என்று அந்த எண் வாயே திறக்காது. இந்த எண்ணைக் கணக்கிடப் பலர் இன்னும் பயன்படுத்தும் அமெரிக்க ராணுவக் கையேடு மில்-எச்டிபிகே-217 கடைசியாகத் திருத்தப்பட்டது 1995இல். இன்றைய பாகங்கள் பல அன்று பிறக்கவே இல்லை.

இதை எப்படிச் செய்வது என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. பெரிய மின் எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் செய்திருக்கிறார்கள். 1990களில் சுவிட்சர்லாந்தின் லெசிட் திட்டத்தில் ஐஜிபிடி (பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் குறைக்கடத்தி சுவிட்ச்) மாட்யூல்களை வேண்டுமென்றே சூடாக்கிக் குளிர்வித்து, சாகும் வரை ஓட்டி, எத்தனை சுழற்சியில் செத்தது என்று வெளியிட்டார்கள். அலுமினியக் கம்பி சூட்டில் விரிவது சிலிக்கனைவிடப் பல மடங்கு, ஒவ்வொரு சுழற்சியிலும் இழுபட்டு ஒரு நாள் சிப்பிலிருந்து கழன்றுகொள்ளும். வெப்ப ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கானால் ஆயுள் ஏறக்குறைய முப்பதில் ஒன்றாகச் சுருங்கும் என்கிற கணக்கு அப்படித்தான் கிடைத்தது. காரணம் தெரிந்ததும் மருந்தும் வந்தது, சால்டருக்குப் பதில் வெள்ளித் தூளை அழுத்திச் சுட்டு ஒட்டுவது, அலுமினியத்துக்குப் பதில் செம்புக் கம்பி என்று. அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. உயர் வோல்ட்டேஜ் சாதனங்கள் எந்த முன்னறிகுறியும் இல்லாமல், சும்மா வோல்ட்டேஜைத் தாங்கிக்கொண்டு நிற்கும்போதே செத்தன. கடைசியில் அதே சாதனங்களைப் பூமிக்கு அடியில் ஒரு உப்புச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள், சாவு நின்றது. காஸ்மிக் கதிர்தான் காரணம் என்று தெரிந்தது. பழுதைத் துரத்திக்கொண்டு சுரங்கம் வரை போன ஆய்வு என்று எனக்கு இதன் மேல் தனி மரியாதை.

ஆனால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. சோலார் இன்வெர்ட்டரின் செயல்திறனை 98 சதவீதத்திலிருந்து 99க்கு ஏற்ற சிலிக்கன் கார்பைடு, கேலியம் நைட்ரைடு என்று புதுக் குறைக்கடத்திகளில் எத்தனை பிஎச்டி. நல்லது. அதே இன்வெர்ட்டர் உதிரி பாகம் வராமல் வருஷத்தில் இரண்டு வாரம் நின்றால் 3.8 சதவீதம் போச்சு. பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம் தருகிறார்கள், இன்வெர்ட்டருக்கு ஐந்தோ பத்தோ வருஷத்தோடு கைவிரித்துவிடுகிறார்கள். போகிற பாகமும் பெரும்பாலும் அந்த விலையுயர்ந்த சுவிட்ச் இல்லை. மின்விசிறி, கெப்பாசிட்டர், ரிலே, கேட் டிரைவருக்கு மின்சாரம் தரும் சின்ன சப்ளை, வெவ்வேறு கம்பெனிக் கனெக்டர்களை ஒன்றோடொன்று மாட்டியதால் உருகிய முனை. இவற்றின் மேல் பிஎச்டி செய்தால் கவர்ச்சி இல்லை, தெரியும்.

அறுவடையும் நம்பகத்தன்மையும் ஒரே வேலையாகச் செய்யப்பட்டதற்கு என்னிடம் இருக்கும் மிகப் பெரிய சாட்சி வாயேஜர். 1977இல் கிளம்பிய இரண்டு கலங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று கதிரியக்க வெப்ப மின்னாக்கிகள், கிளம்பும்போது மொத்தம் சுமார் 470 வாட். புளூட்டோனியம் 238இன் அரை ஆயுள் 87.7 வருஷம், அதனால் வெப்பம் மெதுவாகத்தான் குறையும். மின்சாரம் அதைவிடச் சற்று வேகமாகக் குறைகிறது, ஏனென்றால் சிலிக்கன் ஜெர்மேனியம் துண்டுகளும் வயதாகின்றன. வருஷத்துக்குச் சுமார் 4 வாட். குறையும் என்று முன்பே தெரியும், எவ்வளவு குறையும் என்றும் தெரியும், அதற்கேற்ப ஒவ்வொரு கருவியாக அணைத்துக்கொண்டு 45 வருஷத்துக்கும் மேல் ஓட்டிவிட்டார்கள். உச்சத் திறன் எவ்வளவு என்று அங்கே யாரும் மார்தட்டவில்லை. எந்த வருஷத்தில் எத்தனை வாட் மிஞ்சும் என்ற கோடுதான் அங்கே திட்டத்தையே நடத்தியது. அந்த மாதிரி ஒரு கோடு உங்கள் கருவிக்கு இருக்கிறதா? அணு உலோகம் வேண்டாம், பட்ஜெட்டும் அந்த அளவு வேண்டாம், கோடு மட்டும் வேண்டும்.

தரையில் ஜெயித்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குறை சொல்லவே பிறந்தவன் என்பீர்கள். பேட்டரி இல்லாத வயர்லெஸ் சுவிட்ச். 2001இல் தொடங்கிய என்ஓஷன் கம்பெனி போன்றவர்கள் பரப்பியது. விரலால் அழுத்துகிற அந்த ஒரு அசைவில் காந்தமும் சுருளும் சேர்ந்து 200 மைக்ரோஜூல் அளவுக்குத் தரும், அதற்குள் செய்தி போய்விடும். இது ஏன் நிலைத்தது? மின்சாரம் கிடைக்கிற நொடியும் தேவைப்படுகிற நொடியும் ஒன்று. நாள்கணக்கில் சேமிக்க வேண்டாம், நெட்வொர்க் தேட வேண்டாம், கசிவு பற்றிய கவலை கிடையாது. அதேபோல, மின்சாரம் அடிக்கடி போகத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து நிரலைத் தொடர வைக்கும் ஆய்வும் எனக்குப் பிடித்தது. 2011இல் வந்த மெமென்டோஸ் முதல், மின்சாரம் போனாலும் அழியாத எஃப்ரேம் நினைவகத்தை நம்பி எழுதப்பட்ட மற்றவை வரை. தோல்வியை முதல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஆரம்பித்தவர்கள் அவர்கள்.

ஆக, ஆய்வாளர்களே, கேட்பது பெரிய விஷயம் இல்லை. உச்சத் திறனை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பக்கத்திலேயே, மாற்றி, சேமித்து, கசிவு போக, சுமைக்குப் போய்ச் சேர்ந்த சராசரியை எழுதுங்கள், குறைந்தது ஒரு முழு வருஷத்துக்கு. ஷேக்கரை ஒரே அதிர்வெண்ணில் ஆட்டாதீர்கள், உண்மையான இயந்திரத்தில் பதிவு செய்த அதிர்வை அப்படியே அதில் ஓட்டுங்கள், பதிவையும் எல்லாருக்கும் கொடுங்கள். ஒன்று செய்து காட்டாதீர்கள், முப்பது செய்யுங்கள், ஏனென்றால் ஒரே கருவி ஓடினால் அதிர்ஷ்டமா திறமையா என்று தெரியாது. முப்பதில் பதினொன்று செத்தால் அதை எழுதுங்கள், வெட்டித் திறந்து எங்கே செத்தது என்று படம் போடுங்கள். அந்தப் பதினொன்றைப் பற்றிய கட்டுரையைத்தான் நான் அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்வேன். பேட்டரியோடு ஒப்பிட மறக்காதீர்கள், அதே பெட்டி அளவில், அதே விலையில், அதே வெப்பத்தில். பேட்டரி ஜெயித்தால் ஜெயித்தது என்று எழுதுங்கள்.

நிதி ஒதுக்கும் குழுக்களே, இதில் பாதிப் பழி உங்கள் மேல். மூன்று வருஷத் திட்டம் கொடுத்துவிட்டு பத்து வருஷ ஆயுளை எப்படி எதிர்பார்க்கிறீர்கள்? முதல் வருஷம் ஆள் எடுப்பதில் போகும், இரண்டாம் வருஷம் கருவி செய்வதில், மூன்றாம் வருஷம் கட்டுரை எழுதுவதில். கருவி களத்தில் ஏறும்போது மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு ஊர் போயிருப்பார். அந்தக் கருவிகள் இன்னும் எங்காவது தொங்கிக்கொண்டிருக்கும், உயிரோடு இருக்கிறதா என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. திட்டம் முடிந்த பிறகும் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு ஒருமுறை போய் அளந்து வர ஒரு சின்னத் தொகையைத் தனியே பூட்டி வையுங்கள். புதுக் கருவிக்குக் கொடுக்கும் தொகையோடு பார்த்தால் அது தூசு. பழையதைப் போய்ப் பார்த்து எழுதும் கட்டுரையையும் புதுமை என்று எண்ணுங்கள், மதிப்பெண் கொடுங்கள். விண்ணப்பத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, இது எப்படிச் சாகும் என்று நினைக்கிறீர்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் எழுதத் தெரியாதவர் கருவியை வெளியே மாட்ட இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

வேகப்படுத்திய சோதனை இருக்கிறதே, 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி என்று சோலார் பேனலுக்கு வைத்திருப்பது போல, அது போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். அதுவும் வேண்டும். பேனல் துறை அந்தச் சோதனையை வைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தது. ஆனால் அந்த அடுப்பில் கோரின் முகத்தில் மண் ஒட்டாது, மோட்டாரின் வேகம் மாறாது, கருவி எழுந்து எழுந்து விழாது. எதை வேகப்படுத்துவது என்று தெரிய முதலில் வெளியில் எது கொல்கிறது என்று தெரிய வேண்டும். அது எங்களுக்குத் தெரியும், உங்களுக்கு வந்து சேரவில்லை. தப்பு எங்கள் பக்கமும்தான், பழுதான போர்டை மாற்றிவிட்டுப் பழையதைக் குப்பையில் போடுவதே இந்தத் தொழிலின் வழக்கம்.

அதனால் என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். பொருத்திய மாதம், நின்ற மாதம், எங்கே மாட்டியிருந்தது, பெட்டிக்குள் எவ்வளவு சூடு, எந்தப் பாகம் போனது, ஒரு படம். இவ்வளவுதான், ஒரு பக்கத்துக்கு மேல் போகாத ஒரு படிவத்தை நீங்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்து பொதுவில் வையுங்கள். பெயர் போட வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம், இல்லாவிட்டால் யாரும் நிரப்ப மாட்டார்கள். என்னைப் போலப் பராமரிப்பில் இருப்பவர்கள் நிரப்பி அனுப்புவோம். செத்த போர்டுகளையும் அனுப்பத் தயார், என்னிடம் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. அனுப்பும் செலவை யார் ஏற்பது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவன்